நாற்பத்தைந்தில் ஒரு கோடு

வெள்ளையம்மா நாற்பத்தைந்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

லோஷினிக்குத் திக்கென்றது.

சற்று முன்தான் இதே வெள்ளையம்மா, காஹாங் சமூக மண்டபத்தின் நடுவில், அறுபத்திரண்டு வயதை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டுக்கு இடுப்பை ஒடித்து ஆடிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் கூட ஆடிய செல்வராணி, பெக்கான் நானாஸ் ஊர் அன்னாசியை நறுக்கி, உப்புத் தூவி நீட்டினார். அன்னாசி என்றால் உயிரை விடும் லோஷினி, பல் கூசுகிறது என்று மறுத்துவிட்டுத் தாள்களைக் கொடுத்தாள்.

தாளில் சுழியத்திலிருந்து நூறுவரை ஓர் அளவுகோல். இன்று உங்கள் உடல்நலம் எங்கே நிற்கிறது? கோடு போடுங்கள். அவ்வளவுதான் கேள்வி. ஆறு மாதத்துக்கு முன், வகுப்பு தொடங்கிய நாளில், வெள்ளையம்மா போட்டது ஐம்பது.

பிரேமலா நாற்பது போட்டார். செல்வராணி நாற்பத்திரண்டு. பதினெட்டுப் பேரும் சொல்லிவைத்தாற்போல் இறங்கியிருந்தார்கள்.

இனிப்பு நீர் நோய் உள்ள பெண்களுக்கான இந்த ஸும்பா நடன வகுப்பு, போட்ட செலவுக்குத் தகுமா என்று மதிப்பிடத்தான் லோஷினி ஜொகூர் பாருவிலிருந்து வந்திருந்தாள். ரத்தத்தில் இனிப்பு குறைந்திருந்தது. ஆனால் மேலிடம் இந்தக் கோட்டையும் கேட்கும். கோடு ஏறாவிட்டால் மாதக் கடைசியில் வகுப்புக்கு மூடுவிழா.

"ஆண்ட்டி, அந்த ஆட்டம் ஆடிட்டு எப்படி நாப்பத்தஞ்சு போடுறீங்க?"

வெள்ளையம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். "மெதுவா லா! நல்லா இருக்கேன்னு நானே எழுதிக் குடுத்தா கண்ணு பட்டுடாது?"

மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

லோஷினி தலையில் கை வைத்துக்கொண்டாள். கண்ணேறுக்கு அவள் படித்த புத்தகம் எதிலும் சூத்திரம் இல்லை. பிறகுதான் நினைவு வந்தது. கட்டின் அடியில் இன்னொரு தாள் இருந்தது. தானே சொல்ல முடியாத நோயாளிக்காக, கூட இருப்பவர் கோடு போடும் தாள்.

"சரி, உங்களுக்கு வேணாம். பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் போடுங்க."

மண்டபம் கலகலத்தது. "இவளுக்கென்ன குறைச்சல்? நேத்து பஸ்ஸ ஓடிப் பிடிச்சா!" என்று பிரேமலா வெள்ளையம்மாவுக்குத் தொண்ணூறில் இழுத்தார். வெள்ளையம்மா அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, பழிக்குப் பழியாக அவருக்குத் தொண்ணூற்றைந்து போட்டார்.

லோஷினிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இரண்டு தாள்களையும் சேர்த்தே அனுப்புவாள். கோடு ஏன் இறங்கியது, ஏன் ஏறியது என்று ஒளிக்காமல் எழுதுவாள். அதை வைத்துக்கொண்டு எந்தக் கூட்டத்திலும் இந்த வகுப்புக்காக வாதாட அவளால் முடியும்.

"அது சரி, உனக்கு எவ்வளவும்மா?" என்று வெள்ளையம்மா மீதமிருந்த ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

லோஷினி பென்சிலை எடுத்தாள். கைப்பையின் உள்ளறையில், காலையில் இரண்டு கோடு காட்டிய சோதனைக் குச்சி பத்திரமாகக் கிடந்தது. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கணவன் தீபனிடம் சத்தியம் வாங்கியவளே அவள்தான்.

"ஏதோ இருக்கேன் ஆண்ட்டி" என்று சொல்லி, நாற்பத்தைந்தில் கோடு போட்டாள்.

வெள்ளையம்மா அந்தக் கோட்டைப் பார்த்தார். அவள் தொடாத அன்னாசியைப் பார்த்தார். தட்டை மேசையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தார்.

பிறகு, பக்கத்தில் இருப்பவர் என்ற முறையில், பென்சிலை வாங்கி அவளுக்கு நூறில் ஒரு கோடு போட்டார்.