மகளிடம் இல்லாத நான்கு

“மூணு தடவை பார்த்துட்டேன் டாக்டர். எங்கேயோ உதைக்குது.”

சொன்னவள் ரத்தப் பரிசோதனை செய்பவள். எதையும் இரண்டு முறையாவது பார்க்காமல் விடமாட்டாள் என்பதால், ஆய்வகத்தில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்றே பெயர்.

ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்று உண்டு. அதன் மரபணுவில் இரண்டு, மூன்று, நான்கு என்று மூன்று வகை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவருக்கும் இரண்டு கிடைக்கும். நான்காம் வகை இருந்தால் மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம். வெளியே உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அந்த நோய், இரண்டுமே நான்கு. மகளுக்கு ஒரு நான்கு வந்தே தீர வேண்டும். அவளுக்கோ இரண்டுமே மூன்று.

“ரத்தம் எடுத்த குழாய் மாறியிருக்கும்.”

“புதுசா ரத்தம் எடுத்தும் அதேதான்.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “அப்போ அவ அவர் பொண்ணு இல்லைம்மா. தனியாக் கூப்பிட்டுப் பக்குவமாச் சொல்லு.”

கதவைத் திறந்ததும் பெரியவரின் குரல் கேட்டது.

“நீ யாரும்மா?”

“உங்க பொண்ணுப்பா.”

“அதானே! மூக்கு அப்படியே என்னை மாதிரி சப்பை!”

இருவரும் சிரித்தார்கள். பூதக்கண்ணாடி அறிக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இந்தச் சிரிப்பிலா கை வைப்பது?

மகளை மட்டும் உள்ளே அழைத்தாள்.

“உங்க ரத்தத்துல நாலு இல்லைங்க.”

“அப்பாடா! அப்போ எனக்கு இந்த மறதி வராதா?”

“அது வந்து... அப்பாகிட்டருந்து ஒண்ணு வந்தே ஆகணும். அது இல்லைன்னா...”

மகளின் முகம் வெளுத்தது. சற்று யோசித்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ரத்தத்துலயா தேடினீங்க? இப்போ என்ன மருந்து சாப்பிடுறேன்னுதானே படிவத்துல கேட்டீங்க, சின்ன வயசுல என்ன வந்துச்சுன்னு கேட்கலையே! ஒன்பது வயசுல எனக்கு ரத்தப் புற்றுநோய். எங்க அம்மாதான் எலும்பு மஜ்ஜை கொடுத்தாங்க. அன்னையிலேருந்து எனக்குள்ள ஊறுறது அம்மாவோட ரத்தம். அப்போ மூக்கோட சேர்த்து நாலையும் கொடுத்துட்டாரா மனுஷன்?”

பூதக்கண்ணாடி ஊசியை வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தாள்.

“ரத்தம்தானே மாறுச்சு, முடி மாறலையே. தலையைக் குனிங்க. வேரோட பத்து முடி போதும், அதுல உங்க அப்பா இருப்பாரு.”