மிச்ச பிஸ்கெட்

சமையலறை ஜன்னல் வழியே விழும் சாயங்கால வெயிலில் உட்கார்ந்து, சர்க்கரை நோயாளிக் கணவர் கிரீம் பிஸ்கெட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருக்கிறார். கட்டுப்போட்ட கால் முக்காலிமேல் கிடக்கிறது. வேலை முடிந்து வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நிற்கிறாள். “போன மாசம்தானே விரலை எடுத்தாங்க? அடுத்து காலையே குடுக்கப் போறீங்களா?” “ஒண்ணே ஒண்ணுதான்டி...” தோய்த்த பாதி உடைந்து தம்ளருக்குள் விழுகிறது. அவள் பாக்கெட்டைப் பிடுங்கி, மிச்சமிருப்பதையெல்லாம் தன் வாயில் திணித்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே நறநறவென்று மெல்கிறாள். கன்னம் உப்புகிறது, கண் கலங்குகிறது, தூள் புடவையெல்லாம் உதிர்கிறது. விழுங்க முடியாமல் திணறுகிறாள். அவர் தம்ளரை மெல்ல அவள் பக்கம் நகர்த்துகிறார். “தொண்டைய அடைச்சிடும். டீயக் குடி.” ஒரு வாய் குடித்தவள் அப்படியே நின்றுவிடுகிறாள். “அடப்பாவி மனுஷா, இதுலயும் சர்க்கரையா!”