தாகமா இருக்கு, கொஞ்சம்...

தேர்வுக் குழுத் தலைவர் தன் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைக் கை எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"பேச்சு சிகிச்சையில முதுகலை படிக்க விண்ணப்பிச்சிருக்கீங்க. பேசத் தெரிஞ்சவங்க தொல்லையே தாங்கலை. நீங்க வேற புதுசா ஆள் சேர்க்கப் போறீங்களா?"

"அப்பா! இப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க."

"கேட்டா? ரோட்டுல நாய் குறுக்க வராதுன்னு எவனாவது எழுதிக் குடுத்திருக்கானா?"

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மகளின் நேர்காணல் மறுநாள் காலையில் என்பதால் சாப்பாட்டு மேசையைக் கல்லூரி ஆக்கியிருந்தார். மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழே அரை டிராயர்.

"சரி, ஒழுங்கான கேள்வி. பேச்சு சொல்லித்தர்ற படிப்புல, பாதிப் பாடம் விழுங்குறதப் பத்தி இருக்கே, ஏன்? உங்கம்மாவப் பாக்க வந்த தெரபிஸ்ட்டும் முதல்ல தொண்டையைத்தானே பாத்தாங்க?"

மகளின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்குத்தான் அவள் காத்திருந்தாள்.

"ரெண்டுக்கும் பாதை ஒண்ணுதான்ப்பா. தொண்டைக்குக் கீழ ரெண்டு குழாய். ஒண்ணு காத்துக்கு, ஒண்ணு சாப்பாட்டுக்கு. நாம விழுங்குற அந்த ஒரு நொடி மட்டும், காத்துக் குழாய் மேல ஒரு மூடி வந்து உக்காந்துக்கும்."

"ரயில்வே கேட் மாதிரி."

"அதேதான். பக்கவாதம் வந்தவங்களுக்கு கேட் லேட்டா விழும். கூழ் மாதிரி கெட்டியா இருந்தா மெதுவா இறங்கும், கேட்டுக்கு நேரம் கிடைக்கும். வெறும் தண்ணின்னா கேட் விழுறதுக்குள்ள தாண்டி நுரையீரலுக்குப் போயிடும். அதான் அம்மாவுக்கு எது குடுத்தாலும் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் குடுக்கணும்னாங்க."

அப்பா தலையசைத்தார். "தப்பான வழில போச்சுன்னா இருமுவாங்க. அப்பத் தெரிஞ்சிடும்."

"எல்லாரும் இரும மாட்டாங்கப்பா. சிலருக்குத் தொண்டையில உணர்ச்சியே போயிருக்கும். சத்தமில்லாம உள்ள இறங்கிடும்."

"இருமலே வராதா?"

"வராது."

"ஒரு சின்னக் கனைப்பு கூட?"

"அப்பா, நாளைக்குப் பரீட்சை உங்களுக்கா, எனக்கா?"

அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கடைசிக் கேள்வி. இத்தனை பேர் இருக்கறப்ப உங்களை எதுக்கு எடுக்கணும்?" என்றார்.

மகளிடம் பதில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தாள். வரவில்லை.

"என்னம்மா, முதல் கியர்லயே வண்டி நின்னு போச்சு?"

"அப்பா, நான் போகலை."

போன வருடம் அம்மா இறந்தது காய்ச்சல் வந்து, நுரையீரலில் சளி கட்டி. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வருவதுதான் என்றார் மருத்துவர். மகள் அதற்கு மேல் எதையும் கேட்டதில்லை. அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று.

பக்கவாதத்தில் பேச்சை இழந்த அம்மாவைப் பேச வைக்கத் தெரபிஸ்ட் அவளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். தினமும் புழங்குகிற ஒரு வாக்கியத்தைத் தொடங்கிக் கடைசி வார்த்தையை மட்டும் விட்டுவிட வேண்டும். தானாக ஒரு வார்த்தையைத் தேடி எடுக்க முடியாத மூளை, பழகிய வாக்கியம் அந்தரத்தில் நின்றால் அதை முடித்து வைக்கப் பார்க்கும்.

"தினம் காலைல வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அம்மா பக்கத்துல உக்காந்து, 'தாகமா இருக்கு, கொஞ்சம்...'னு சொல்லிட்டுக் காத்துட்டிருப்பேன். உதடு நடுங்கும். கண்ணுல தண்ணி முட்டும். வார்த்தை மட்டும் வராது. 'தண்ணி'. அந்த ஒரு வார்த்தை. கடைசி வரைக்கும் வரலையே! பெத்தவ வாயிலயே ஒரு வார்த்தை வரவழைக்க முடியாதவ, எந்த முகத்தோட அங்க போய் உக்காருவேன்? வரலைன்னு மெயில் போட்டுடறேன்."

அவள் கைப்பேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினாள். அப்பா எழுந்து வந்து அதன் மேல் கையை வைத்து மூடினார்.

"அனுப்பாதே. உங்கம்மா சொன்னா."

"என்ன சொன்னா?"

"நீ சொல்லிக் குடுத்ததை. காய்ச்சல் வர்றதுக்கு முந்தின நாள் மத்தியானம், நீ வேலைக்குப் போயிருந்தப்ப. என்னைப் பாத்து, தெளிவா, 'தண்ணி'ன்னா. திரும்பவும் சொன்னா. எத்தனை மாசம் கழிச்சு அவ குரல்! எனக்குத் தலைகால் புரியலை. ஓடிப்போய் ஒரு டம்ளர் நிறைய எடுத்துட்டு வந்தேன். பொடி ஞாபகமே வரலைம்மா. அத்தனையும் குடிச்சிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா."

மகள் மேசையின் ஓரத்தில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு அப்பாவை.

"இத்தனை நாளா ஏன்ப்பா எங்கிட்ட சொல்லலை?"

"அவ இருமவே இல்லைம்மா."