சொட்டுக் குழாய்த் தவளை

தமயந்தி வீட்டுக் கொல்லைக் குழாய் ஓயாமல் சொட்டியது. அந்த ஈரத்தில் ஒரு தவளை சொகுசாகக் குடியிருந்தது.

"குழாயைச் சரிபண்ணிட்டா எங்கே போவே?" என்று கேட்டது சுவரில் இருந்த பல்லி.

"யார் பண்றது? பிளம்பர் நாளைக்கு வர்றேங்கிறார். வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாங்கிறார். நான் இங்கேயே பேரப்பிள்ளை எடுத்துடுவேன்."

ஒருநாள் தமயந்தியே ஸ்பானரோடு வந்தாள். வால்வை மூடாமல் குழாயைக் கழற்றினாள். தண்ணீர் பீய்ச்சியடித்ததில் தொப்பலாக நனைந்துபோனாள். தவளைக்கு ஒரே கும்மாளம். "இந்தம்மா தினமும் ரிப்பேர் பண்ணணும்!" என்றது.

மறுநாள் அவள் முதலில் மாடிக்குப் போய் வால்வை மூடிவிட்டு வந்தாள். தேய்ந்த வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். சொட்டு நின்றது. சாயங்காலத்துக்குள் தரை காய்ந்துவிட்டது.

தவளை சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கேயும் குழாய் சொட்டியது.

"இங்கே ரிப்பேர் யாரு?" என்று அங்கிருந்த எலியிடம் கேட்டது.

"வீட்டுக்காரர்தான். யாரையும் தொட விடமாட்டார். தானே பண்ணப்போறாராம்."

"அப்பாடா! இனி ஆயுசுக்கும் கவலையில்லை" என்று தவளை காலை நீட்டிப் படுத்தது.

அப்போது சுவருக்கு மேலே அதே ஸ்பானர் கைமாறியது.

"அவர் வர்றதுக்குள்ள முடிச்சிடலாமா?" என்று கிசுகிசுத்தாள் பக்கத்து வீட்டுக்காரி.

"முடிச்சிடலாம் அக்கா. முதல்ல மாடி வால்வை மூடிட்டு வாங்க" என்றாள் தமயந்தி.

நீட்டிய காலைத் தவளை மெதுவாக மடக்கிக்கொண்டது.