டெஸ்மண்டுக்குப் பிடித்த ஒயின்

"அவருக்குப் பிடிச்சது சிவப்புதான். இருபது வருஷம் குடித்தனம் பண்ணினவ சொல்றேன்."

"அப்போ கடைசிப் பன்னெண்டு வருஷம் கூட இருந்த நான் யாராம்? வெள்ளைதான், ரோசலிண்ட்."

ரெட் ஹில் திராட்சைத் தோட்டத்தின் ஒயின் கூடத்தில் டெஸ்மண்டின் முதல் மனைவி ரோசலிண்டும், இரண்டாம் மனைவி இவெட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கடல் மேல் மழை. மெல்பர்னிலிருந்து ஒரே காரில், ஒரு வார்த்தை பேசாமல் வந்திருந்தார்கள்.

நாளை டெஸ்மண்டை அடக்கம் செய்கிறார்கள். "அப்பாவுக்குப் பிடிச்ச ஒயினை எல்லாருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் ஊத்தி அவரை வழியனுப்பணும். எதுன்னு நீங்க ரெண்டு பேருமே போய் முடிவு பண்ணிட்டு வாங்க" என்று ரோசலிண்டின் மகன் சொல்லிவிட்டான்.

ஐந்து நாளாகப் பூ, பெட்டி, பாதிரியார் என்று அலைந்ததில் இருவருக்கும் கண்கள் உள்ளே போயிருந்தன. ரோசலிண்ட் மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றி விட்டாள்.

"பாவம், கார் ஓட்டணுமேன்னு ருசி பார்த்ததைக்கூட வாளியில துப்பிடுவார். ஆனா கேட்டு வாங்கறது சிவப்புதான்."

"என்கூட வந்தப்ப சிவப்பு பக்கம் திரும்பினதே இல்ல."

"ஓஹோ, உனக்காக மாறிட்டாராக்கும்! எனக்காக ஒரு பழைய தொப்பியைக்கூட மாத்தாத மனுஷன்."

ரோசலிண்டின் குரல் இறங்கியது. "இதுகூட எனக்குத் தெரியலேன்னா, அந்த இருபது வருஷத்துக்கு என்னம்மா அர்த்தம்?"

"எனக்கும் அதே பயம்தான்" என்றாள் இவெட்.

ருசி பார்க்கக் கூடத்துக் கிழவர் ஊற்றியது தீர்ந்துவிட்டது. ஒருத்தி சிவப்பையும் மற்றவள் வெள்ளையையும் ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தார்கள்.

"நீங்களே சொல்லுங்க லயனல்" என்றாள் ரோசலிண்ட். "முப்பத்தஞ்சு வருஷமா இங்க ஊத்தறீங்க. அவர் எதைக் கேப்பார்?"

கிழவர் லயனல் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்களோட வந்தா சிவப்பு. இவங்களோட வந்தா வெள்ளை."

"அதுதான் எங்களுக்கே தெரியுமே! பிடிச்சது எது?"

"ரெண்டும் இல்லம்மா. அவனுக்கு ஒயினே ஆகாது. நீங்க காரை விட்டு இறங்கறதுக்குள்ள உள்ள ஓடி வந்து ரகசியமா சொல்வான்: 'அவளுக்குப் பிடிச்சதை எனக்குப் பிடிச்சதுன்னு சொல்லி ஊத்து லயனல். தனக்குன்னு அவ எதையும் கேக்க மாட்டா.'"