ஐந்தாவது ஏலம்

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, மடக்கு மேசையின் மேல் டெலோரஸ் சுட்ட எலுமிச்சை கேக் இருக்கிறது. இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமை என்பதால் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தின் உள்ளரங்கு முழுக்க மீன் வறுத்த வாசனை. உயரத்துச் சன்னல்கள் வழியே விழும் சாயங்கால வெயிலில் கேக்கின் சர்க்கரைப் பூச்சு மினுங்குகிறது. பூட்ஸ்களில் ஒட்டி வந்த பனி உருகி பெஞ்சுகளுக்கடியில் தேங்குகிறது. ஜூனுக்குள் பணம் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவதாக ஆயர் எழுதிய கடிதம் கதவில் ஒட்டியிருக்கிறது. இதுவரை நாலு பேர் இதே கேக்கை ஏலத்தில் எடுத்து, பணத்தைக் கட்டிவிட்டு, "திரும்ப ஏலம் விடுங்க" என்று மேசையிலேயே வைத்துவிட்டார்கள். இங்கே அதுதான் வழக்கம்.

ஐந்தாவதாகக் கடைசி வரிசையிலிருந்து கை தூக்குகிறார் ஹார்லன், எதிர்த்தெரு லுத்தரன் பள்ளியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். "ஐநூறு டாலர்!" ஏலம் விடுகிற லிராய் அவரைச் சும்மா விடவில்லை. "எங்க ஸ்கூல் மேல உங்களுக்கு என்னய்யா இம்புட்டு பாசம்?" "பாசமா? நீங்க மூடிட்டா எங்க பசங்க யாரைப் போய் ஜெயிப்பாங்க?" சிரிப்பு கூரை வரை போய் அடங்குகிறது. ஹார்லன் வந்து கேக்கை வாங்கிக்கொள்கிறார். திருப்பித் தருவார் என்று லிராய் கை நீட்டியபடி நிற்க, அவரோ பிளாஸ்டிக் கத்தியால் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொள்கிறார். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்புகின்றன. "என்ன? தப்பு பண்ணிட்டேனா?" சமையலறை வாசலில் நிற்கும் டெலோரஸ், ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே கேட்கிறார்:

"இருபது வருஷமா சுடறேன், ஒருத்தரும் வாயில வச்சதில்ல. எப்படி இருக்கு?"