முழங்கால் தைலம்

குளிருக்கென்று கமலநேசன் முழங்காலில் தேய்த்த யூக்கலிப்டஸ் தைலத்தின் மணம் அவருக்கு முன்னமே நாணலுக்குள் போய்விட்டது. பாதி உடம்பை வெளியே நீட்டிய காட்டுப்பன்றி மூக்கைத் தூக்கி, ஒரு உறுமல் உறுமிவிட்டுச் சேற்றுக்குள் மறைகிறது. ஐந்து துப்பாக்கிகள் சுடாமலே தாழ்கின்றன. டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் முப்பது வருடம் குப்பை கொட்டியவருக்குப் பன்றிக்கும் மூக்குண்டு என்பது இப்போதுதான் உறைக்கிறது. கடற்கரையோர அரச நிலத்தில் பொதுமக்கள் பன்றி சுடலாம் என்று விட்டிருக்கும் நாள் இது. மகள் சாரங்காவை இந்த வேட்டைக் குழு சேர்த்துக்கொண்ட முதல் நாளும் இதுதான். முதல் வெடியை அவளுக்கென்றே விட்டுக்கொடுத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர் இவர். கடலிலிருந்து ஈயநிற வெளிச்சம் ஏறி வந்து எல்லா முகங்களிலும் ஒரேமாதிரி உறைகிறது. யாராவது ஏசினாலாவது பரவாயில்லை என்றிருக்கிறது அவருக்கு. ஒருவர் தோட்டாக்களைச் சத்தம் கேட்கும்படி கழற்றுகிறார். வேட்டைநாய் இவருடைய முழங்காலை மணந்து பார்த்துத் தும்முகிறது. காற்று மாறிவிட்டதோ என்று கமலநேசன் டேனிஷில் கேட்கிறார். “இருக்கலாம்” என்கிறாள் குழுத்தலைவி பெண்டெ, சப்பாத்துச் சேற்றை வழித்தபடி. “நாய்க்கும் தடிமன் போல, பிள்ளை” என்று மகளிடம் சிரித்துப் பார்க்கிறார். அவள் துப்பாக்கி வாரை இறுக்குகிறாள். “பின்னேரமும் வேட்டை இருக்காம். நானும் வரட்டோ?” என்கிறார். விடிந்ததிலிருந்து டேனிஷிலேயே பதில் சொன்னவள், மற்றவர்களுக்கு விளங்காதபடி தமிழில் சொல்கிறாள்: “வேண்டாம் அப்பா. நீங்கள் வந்தா இனி என்னையும் கூப்பிடமாட்டினம்.”